சாண வண்டு பிடிக்கக் குழிப்பொறி வைப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாண வண்டுகளைக் கணக்கெடுக்கப் புதிதாக இறங்குகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். டப்பா எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், எந்தச் சாணம் நல்லது, ஏன் எறும்பு மட்டும் விழுகிறது என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். முதல் தடவை பொறி வைப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு எழுதியவை.

குழிப்பொறி என்றால் என்ன? வண்டு ஏன் தானாக வந்து அதில் விழுகிறது?

மண்ணில் ஒரு டப்பாவைப் புதைத்து, அதன் வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி வைத்து, வாய்க்கு மேலே கொஞ்சம் சாணத்தைத் துணியில் கட்டித் தொங்கவிடுவதுதான் குழிப்பொறி. இதற்கு மின்சாரமோ பெரிய கருவியோ வேண்டாம்.

சாண வண்டு மணத்தை வைத்துத்தான் சாணத்தைக் கண்டுபிடிக்கிறது. ஸ்கேட்டோல், இண்டோல், கிரெசால், பியூட்டிரிக் அமிலம் போன்ற ஆவியாகும் பொருள்கள் சாணத்திலிருந்து காற்றில் கலக்கின்றன. வண்டு காற்றுக்கு எதிராக, அந்த மணம் வரும் திசையில் பறந்து வருகிறது. பல இனங்கள் நேராகச் சாணத்தின் மேல் உட்காருவதில்லை. சற்றுத் தள்ளித் தரையில் இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே கடக்கின்றன. அந்தக் கடைசி நடையில்தான் டப்பாவுக்குள் விழுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிச் சந்தேகங்களுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

எல்லாச் சாண வண்டும் உருண்டை உருட்டுமா?

இல்லை. உருட்டுபவை ஒரு பகுதிதான். பெரும்பாலான இனங்கள் சாணத்துக்கு நேர் கீழேயோ பக்கத்திலோ வளை தோண்டி, சாணத்தை உள்ளே இழுத்துக்கொண்டு போகின்றன. இன்னும் சில, சாணக் குவியலுக்கு உள்ளேயே வாழ்ந்து அங்கேயே முட்டையிடுகின்றன. உருட்டுபவை, தோண்டுபவை, உள்ளே வாழ்பவை என்று மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான சாண வண்டுகள் எனப்படும் துணைக்குடும்பத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அதில் ஆன்தோபாகஸ் என்ற ஒரே பேரினத்தில் 2,000-க்கு மேல். ஆன்தோபாகஸ் பெரும்பாலும் தோண்டுகிற வகை. பல இனங்கள் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. பெரிய உருண்டையும் பளபளப்பான பெரிய வண்டும் வரும் என்று காத்திருப்பவர்கள், டப்பாவின் அடியில் கிடக்கும் சின்னக் கறுப்புப் பொட்டுகளைக் குப்பை என்று கொட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல இடங்களில் இனங்களின் எண்ணிக்கையே அந்தப் பொட்டுகளில்தான் இருக்கும்.

என்ன மாதிரி டப்பா எடுக்கலாம்?

வாய் 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலம், ஆழமும் ஏறக்குறைய அவ்வளவே, அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பா போதும். உள்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும். வரிவரியாக இருந்தால் வண்டு பிடித்து ஏறிவிடும். ஹீலியோகாப்ரிஸ் போன்ற பெரிய வண்டுகள் உள்ள இடமென்றால் ஆழமான டப்பாவாக எடுங்கள். ஆழம் குறைந்த டப்பாவிலிருந்து அவை வெளியேறிவிடும்.

ஒரே அளவில் இரண்டு டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைப்பது நல்ல பழக்கம். வெளி டப்பா குழியிலேயே இருக்கும், உள் டப்பாவை மட்டும் தூக்கிக் காலி செய்யலாம். ஒவ்வொரு முறையும் மண் சரிந்து உள்ளே விழாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு கணக்கெடுப்பில் பயன்படுத்தும் டப்பாக்கள் அத்தனையும் ஒரே அளவில் இருப்பது.

குழி தோண்டுவதில் அப்படி என்ன இருக்கிறது? டப்பா உள்ளே போனால் போதாதா?

போதாது. பொறி வேலை செய்யாமல் போவதற்கு நான் பார்த்த காரணங்களில் முதலிடம் டப்பாவின் விளிம்புக்குத்தான். விளிம்பு மண்ணுக்கு மேலே சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் சின்ன வண்டுக்கு அது ஒரு மதில். அதை முட்டி, சுற்றி நடந்து, வேறு பக்கம் போய்விடும். அல்லது அங்கேயே மண்ணைத் தோண்டி இறங்கிவிடும். விளிம்பு மண்ணோடு சரிமட்டமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நூலளவு கீழே இருக்கலாம். மேலே மட்டும் இருக்கவே கூடாது.

டப்பாவைவிடச் சற்றே பெரிய குழி தோண்டி, டப்பாவை வைத்து, பக்கத்து இடுக்கு முழுவதையும் நுண்மண்ணால் நிரப்பி விரலால் அழுத்துங்கள். இந்த வேலை நடக்கும்போது டப்பாவுக்கு மூடி போட்டிருங்கள், இல்லையென்றால் மண் உள்ளே கொட்டும். பிறகு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் தடுக்கினால் வண்டும் தடுக்கும். களிமண் பூமியில் வெயில் ஏறியதும் மண் சுருங்கி, டப்பாவைச் சுற்றி இடைவெளி விழும். வண்டுகள் அந்த இடைவெளிக்குள் போய்விடும். அதனால் மறுநாளும் ஒரு தடவை மண்ணைச் சரிபார்க்க வேண்டும். சருகு அடர்ந்த காட்டில் டப்பாவைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குச் சருகை விலக்கிவிடுங்கள்.

மாட்டுச் சாணம் எளிதாகக் கிடைக்கிறது. அதையே வைத்தால் என்ன?

எந்த இடத்தில், எதற்காக வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேய்ச்சல் நிலத்தில் மாட்டுச் சாணத்தை உண்ணும் வண்டுகளைப் பார்க்க வேண்டுமென்றால் மாட்டுச் சாணம்தான் சரியான இரை. காட்டில் அதே சாணத்தை வைத்தால் பல இனங்கள் எட்டிக்கூடப் பார்க்காது. தாவரமும் மாமிசமும் கலந்து உண்ணும் விலங்குகளின் கழிவில் மணமும் சத்தும் அதிகம். காட்டு வண்டுகளில் மிகப் பல இனங்களை இழுப்பது மனித மலம். அடுத்தபடி பன்றிச் சாணம். அமேசான் காடுகளில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, பன்றிச் சாணத்தோடு சிறு பங்கு மனித மலத்தைக் கலந்தாலே நல்ல இரை ஆகிவிடுகிறது என்று காட்டியது. நிறையப் பொறி வைக்க வேண்டியவர்களுக்கு இது பெரிய உதவி.

வண்டுக்கும் சாணத்துக்கும் உள்ள பொருத்தம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஆஸ்திரேலியா ஓர் உதாரணம். அங்கிருந்த வண்டுகள் கங்காரு போன்ற விலங்குகளின் உலர்ந்த சின்னப் புழுக்கைகளுக்குப் பழகியவை. ஐரோப்பியர்கள் கொண்டுவந்த மாடுகளின் ஈரமான பெரிய சாணத்தை அவற்றால் சமாளிக்க முடியவில்லை. சாணம் மக்காமல் தேங்கி, ஈக்கள் பெருகின. பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிசாவின் முயற்சியால் 1960-களில் வெளிநாட்டுச் சாண வண்டுகளைக் கொண்டுவந்து விடும் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. வண்டுகள் இல்லாத நாடு அல்ல அது. இருந்த வண்டுகளுக்கு இந்தச் சாணம் பொருந்தவில்லை.

ஆக, ஓரிடத்தின் வண்டுகளை முழுமையாகப் பார்க்க நினைத்தால் ஒரே இரையை நம்பாதீர்கள். சாணத்தோடு, அழுகிய மீன் அல்லது இறைச்சி வைத்த பொறிகளும், அழுகிய பழம் வைத்த பொறிகளும் தனித்தனியாக வையுங்கள். சாணத்தைத் தொடாமல் பிணத்தையே நாடும் சாண வண்டுகள் உண்டு.

மனித மலத்தை வைத்து வேலை செய்வது பாதுகாப்பா?

கவனமாக இருந்தால் செய்யலாம். அருவருப்பைவிடக் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும்தான் கவலைப்பட வேண்டிய விஷயம். கையுறை கட்டாயம். ஒருமுறை போட்டதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். இரை கட்டுவதற்கென்று தனிக் கரண்டி, தனி வாளி வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் இடத்தில் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ வேண்டாம். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தெரியாதவர்களின் மலத்தைப் பயன்படுத்த வேண்டாம். குழுவில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ மருந்துச் சிகிச்சையோ இருந்தால் அவர்களிடமிருந்தும் எடுக்காதீர்கள்.

இது முடியாது என்று தோன்றினால் பன்றிச் சாணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் இதே சுத்தம் வேண்டும். இதில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குழுவில் ஒருவர் மறுத்தால் அவருக்கு வேறு வேலை கொடுங்கள்.

எவ்வளவு சாணம் வைப்பது? எப்படிக் கட்டுவது?

மனித மலமோ பன்றிச் சாணமோ என்றால் ஒரு பொறிக்கு 20 முதல் 50 கிராம் போதும். திறந்த வெளியில் மாட்டுச் சாணமென்றால் சில நூறு கிராம் வரை வைப்பார்கள். அளவு கூடினால் மணம் தூரம் போகும், வண்டும் கூடும். அதனால் கண்ணளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு பொறியில் கைநிறைய, அடுத்ததில் அரைக்கை என்று வைத்தால், பிறகு எண்ணிக்கையில் தெரியும் வித்தியாசம் இடத்தினால் வந்ததா, உங்கள் கையினால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

மெல்லிய வலைத்துணியை இரண்டு மடிப்பாக்கி, சாணத்தை நடுவில் வைத்து, பொட்டலமாகக் கட்டுங்கள். ஒற்றை மடிப்பைச் சில வண்டுகள் கிழித்து நுழைந்துவிடும். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், மணம் வெளியே வராது. ஒரு குச்சியையோ வளைத்த கம்பியையோ பக்கத்தில் ஊன்றி, பொட்டலம் டப்பா வாயின் நடுவில், விளிம்புக்குச் சில சென்டிமீட்டர் மேலே தொங்கும்படி கட்டுங்கள். பொட்டலம் விளிம்பைத் தொட்டால் வண்டு தரையிலிருந்து அப்படியே ஏறித் தின்றுவிட்டு, விழாமல் போய்விடும். டப்பாவுக்குள் ஊற்றும் திரவத்தைத் தொட்டால் எல்லாம் கலங்கி நாறி, வண்டுகளைப் பிரித்தெடுப்பதே கஷ்டமாகிவிடும்.

சாணத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் உறைய வைக்க வேண்டும். வெளியில் வைத்திருந்தால் மணம் போய்விடும், ஈ முட்டையிட்டுவிடும். வெவ்வேறு நாளில் சேர்த்த சாணத்தை ஒன்றாகக் கலந்து, ஒரே எடையுள்ள பொட்டலங்களாகப் பிரித்து, உறைபெட்டியில் வைத்துவிட்டால் இரண்டு நன்மை. எல்லாப் பொறிக்கும் ஒரே தரமான இரை கிடைக்கும். சாணத்துக்குள் ஏற்கெனவே இருந்த வண்டுகளும் புழுக்களும் இறந்துவிடும். இல்லையென்றால் மேய்ச்சல் நிலத்து வண்டு இரையோடு சேர்ந்தே காட்டுக்குப் போய், உங்கள் பட்டியலில் காட்டு வண்டாக ஏறிவிடும். பொறி வைப்பதற்கு முன் முழுவதும் உருக விடுங்கள். சாப்பாடு வைக்கும் உறைபெட்டியில் மட்டும் இதை வைக்காதீர்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. புதிய சாணம் என்றால் எல்லாப் பொறிக்கும் புதியது. உறையவைத்தது என்றால் எல்லாவற்றுக்கும் உறையவைத்ததே. பாதிப் பாதி கலக்கக் கூடாது.

மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுத்திருந்தால் அந்தச் சாணத்தை எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். ஐவர்மெக்டின் போன்ற குடற்புழு மருந்துகளில் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறுகிறது. அந்தச் சாணத்தில் வளரும் சாண வண்டின் புழுக்களை அது கொல்கிறது, வளர்ச்சியைக் கெடுக்கிறது. வண்டு வரும் எண்ணிக்கையையும் மருந்து மாற்றக்கூடும். மருந்து கொடுத்துப் பல வாரம் ஆகாத விலங்கின் சாணத்தைத் தவிர்த்துவிடுங்கள். சாணம் எடுக்கும்போது கடைசியாக என்ன மருந்து, எப்போது கொடுத்தீர்கள் என்று விலங்கை வளர்ப்பவரிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

டப்பாவுக்குள் வெறும் தண்ணீர் ஊற்றினால் போதுமா?

தண்ணீரோடு பாத்திரம் கழுவும் திரவ சோப்பு சில சொட்டு வேண்டும். சோப்பு இல்லாத நீரில் சின்ன வண்டுகள் மேற்பரப்பிலேயே மிதந்து, சுவரைப் பிடித்து ஏறப் பார்க்கும். சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் சீக்கிரம் மூழ்கிவிடும். வாசனை சேர்க்காத சோப்பாகப் பாருங்கள். எலுமிச்சை வாசனை, பூ வாசனை எல்லாம் சாண மணத்தோடு கலந்து குழப்பும். மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு ஊற்றினால் போதும்.

ஒரு நாளைக்கு மேல் விடுவதென்றால் நிறைய உப்பைக் கரைத்துவிடுங்கள், வண்டுகள் அழுகுவது தாமதமாகும். இன்னும் நீண்ட நாளுக்குப் புரொப்பிலீன் கிளைக்கால் நல்லது. வாகன ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் வேண்டாம். அது இனிக்கும். விலங்குகள் குடித்தால் சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும். ஃபார்மலினும் வேண்டாம், அது உங்களுக்கே கெடுதல். ஆல்கஹால் வெயிலில் சீக்கிரம் ஆவியாகிவிடும், அதன் மணமும் சில பூச்சிகளைக் கூட்டிவரும்.

மழை பெய்தால் எல்லாம் போச்சா?

டப்பாவுக்கு மேல் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் குச்சிகளில் பொருத்தி வைத்தால் சாதாரண மழைக்குத் தாங்கும். வெயிலில் இரை காய்வதையும் அது தடுக்கும். ரொம்பத் தாழ வைத்தால் பறந்து வரும் வண்டுகளுக்கு இடைஞ்சல். டப்பாவின் மேல்பகுதியில் சின்னத் துளைகள் போட்டு நுண்வலையால் அடைத்துவிட்டால், நீர் நிரம்பினாலும் நீர் மட்டும்தான் வெளியேறும், வண்டுகள் உள்ளேயே இருக்கும். தண்ணீர் ஓடும் தாழ்வான இடத்தில் பொறி வைக்காதீர்கள். அப்படியும் ஒரு பொறி வழிந்துவிட்டால் அதன் எண்ணிக்கையைச் சேர்க்காமல், வழிந்தது என்று குறித்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் விடவேண்டும்? பகலிலா, இரவிலா?

வழக்கமாக 24 அல்லது 48 மணி நேரம். அதற்கு மேல் விட்டால் இரை காய்ந்து மணம் மங்கிவிடும். வரும் வண்டு குறையும், ஏற்கெனவே விழுந்தவை அழுகத் தொடங்கும். இன்னும் நாள் வேண்டுமென்றால் இரையை மாற்றுங்கள்.

பகலில் மட்டும் பறக்கும் இனங்கள் உண்டு, இரவில் மட்டும் வருபவை உண்டு, அந்தி மயங்கும் நேரத்தில் கொஞ்ச நேரமே பறப்பவையும் உண்டு. அதனால் ஒரு முழு நாளையாவது பொறி பார்க்க வேண்டும். யார் எப்போது வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், விடியலிலும் அந்தியிலும் டப்பாவை மாற்றிப் பகல் பிடிப்பையும் இரவுப் பிடிப்பையும் தனித்தனியாக வையுங்கள். நிலவில்லாத இரவில் வண்டு வருமா என்று சிலர் கேட்பார்கள். வரும். தென்னாப்பிரிக்காவின் ஸ்கேரபேயஸ் சடைரஸ் என்ற வண்டு, பால்வெளி மண்டலத்தின் ஒளிப்பட்டையைப் பார்த்து உருண்டையை நேர்கோட்டில் உருட்டிப் போகிறது என்று மேரி டாக்கேயும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2013-இல் காட்டினார்கள். இவ்வளவு திறமையுள்ள ஓர் உயிருக்குப் பொறி வைக்கிறோம் என்பதை மறக்காமல் இருந்தால், வேலையில் தானாகவே கவனம் வரும்.

பொறிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் நடக்கிற வேலை மிச்சம். வைக்கலாமா?

நடை மிச்சமாகும், ஆனால் கணக்கு கெட்டுவிடும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரே வண்டுக்கு இரண்டு பொறிகள் போட்டியிடும். பத்துப் பொறி வைத்தாலும் உண்மையில் அது ஒரு பெரிய பொறிதான். சாண வண்டு ஆய்வாளர்கள் டிராண்ட் லார்சனும் ஏட்ரியன் ஃபோர்சைத்தும் 2005-இல் குறைந்தது 50 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றார்கள். பிரேசில் காட்டில் வண்டுகளுக்கு அடையாளமிட்டு விட்டுப் பார்த்து 2015-இல் வெளியான ஆய்வு 100 மீட்டர் சொன்னது. இடம் இருந்தால் 100 மீட்டரே வையுங்கள். வெவ்வேறு வகை இரைகளை ஒப்பிடும்போதும் இதே இடைவெளி பொருந்தும்.

நாயோ பன்றியோ வந்து இரையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. என்ன செய்வது?

நல்ல மணமுள்ள இரைக்கு இது நடக்கத்தான் செய்யும், பிணப் பொறியில் இன்னும் அதிகம். பொட்டலத்தை நூலுக்குப் பதில் கம்பியால் கட்டுங்கள். டப்பாவுக்கு மேல் அகலக் கண்ணுள்ள கம்பி வலையைக் கவிழ்த்து, ஓரங்களை நீண்ட ஆணிகளாலோ பெரிய கற்களாலோ தரையோடு இறுக்குங்கள். வலையின் கண், அங்குள்ள மிகப் பெரிய வண்டு நுழையும் அளவாவது இருக்க வேண்டும். சில பொறிகள் போய்விடும் என்று முதலிலேயே எதிர்பார்த்து, தேவைக்கு மேல் இரண்டு மூன்று கூடுதலாக வைத்துவிடுங்கள். நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்ப்பதும் உதவும்.

என் டப்பாவில் எறும்பும் தவளையும்தான் இருக்கின்றன. நான் என்ன தப்பு செய்கிறேன்?

எறும்பு நிறைந்திருந்தால் புற்றுக்குப் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். சில மீட்டர் நகர்த்திப் பாருங்கள். வண்டே இல்லையென்றால் விளிம்பையும் (குழி தோண்டும் கேள்வியைப் பாருங்கள்) இரையின் புதுமையையும் சோதியுங்கள்.

தவளை, பல்லி, சுண்டெலி விழுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன கம்பி வலை இதையும் பெருமளவு தடுக்கும். திரவத்தின் ஆழத்தைக் குறையுங்கள், 24 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். அப்படியும் தொடர்ந்து விழுந்தால் அந்த இடத்தில் திரவப் பொறியை நிறுத்திவிட்டு, அடுத்த பதிலில் வரும் உலர் பொறிக்கு மாறுங்கள். வண்டுக் கணக்குக்காகத் தவளைகளைச் சாகடிப்பது நியாயமில்லை. ஈ, எறும்பு, சாணத்தில் வேட்டையாடும் வேறு வண்டுகள் எல்லாம் விழத்தான் செய்யும். முடிந்தால் அவற்றையும் பாதுகாத்து, அந்தக் குழுக்களைப் படிப்பவர்களிடம் கொடுங்கள்.

வண்டுகளை உயிரோடு பிடிக்க முடியுமா?

முடியும். திரவத்துக்குப் பதில் டப்பாவின் அடியில் ஈரமண்ணும் கொஞ்சம் சருகும் போட்டு, வாயில் ஒரு புனலைப் பொருத்திவிடுங்கள். விழுந்த வண்டு மண்ணுக்குள் புதைந்துகொள்ளும், புனல் இருப்பதால் திரும்பிப் பறக்காது. ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். வெயிலில் டப்பா சூடானால் வண்டுகள் வெந்துவிடும், எறும்பு வந்தால் கடித்துக் குதறிவிடும். அடியில் சின்ன வடிதுளைகள் இருக்கட்டும்.

பெரிய, எளிதில் அடையாளம் தெரிகிற இனங்களுக்கு இது அருமையான வழி. எண்ணி, படமெடுத்து, அங்கேயே விட்டுவிடலாம். நெருங்கிய உறவுள்ள சின்ன ஆன்தோபாகஸ் இனங்களை இப்படிப் பிரிக்க முடியாது. அவற்றை நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும், பல நேரம் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் இனம் உறுதியாகும். வண்டின் மேல் சிலந்திப்பேன்கள் ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள். அவற்றில் பல, ஒரு சாணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வண்டின் மேல் ஏறிப் பயணம் செய்பவை.

பிடித்த பிறகு என்ன செய்வது?

டப்பாவைத் தேநீர் வடிகட்டியில் கொட்டி, சுத்தமான நீரில் அலசி, 70 முதல் 80 சதவீத எத்தில் ஆல்கஹாலில் போடுங்கள். மரபணு ஆய்வுக்கு என்றால் 95 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹாலில் போட்டுக் குளிரில் வையுங்கள். ஒரு நாள் கழித்து ஆல்கஹாலை மாற்றிவிடுங்கள், முதலில் ஊற்றியது வண்டின் உடல் நீரால் நீர்த்துப் போயிருக்கும். ஊசியில் குத்தி வைப்பதானால் வலப்பக்க இறக்கை உறை வழியாகக் குத்துவது வழக்கம். மிகச் சின்ன வண்டைச் சிறு முக்கோண அட்டையின் நுனியில் பசையால் ஒட்டுவார்கள்.

லேபிளைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரையும், வெளியே ஒட்டியது உரிந்துவிடும். இடம், ஜிபிஎஸ் அளவு, பொறி வைத்த தேதியும் எடுத்த தேதியும், பொறி எண், இரை என்ன, யார் எடுத்தது எல்லாம் இருக்க வேண்டும். இரையை எழுத மறப்பவர்கள்தான் அதிகம். அது தெரியாமல் ஒரு வண்டின் உணவுப் பழக்கத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பொறியில் விழாத சாண வண்டு உண்டா?

நிறைய உண்டு. இரண்டாவது கேள்வியில் சொன்ன, சாணத்துக்கு உள்ளேயே வாழும் வகையில் பலவற்றைத் தொங்கும் பொட்டலம் சரியாகக் காட்டாது. அவற்றுக்கு வேறு வழி இருக்கிறது. தரையில் கிடக்கும் சாணத்தை முழுதாக எடுத்து ஒரு வாளி நீரில் போட்டுக் கலக்குங்கள். வண்டுகள் மிதந்து மேலே வரும். சாணத்துக்கு அடியிலுள்ள மண்ணையும் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்தால் வளைக்குள் இறங்கியவையும் கிடைக்கும்.

சாணத்தையே நாடாத சாண வண்டுகளும் உண்டு. தென் அமெரிக்காவின் டெல்டோகைலம் வால்கம் என்ற இனம் மரவட்டைகளைக் கொன்று தின்கிறது. இப்படிப்பட்டவற்றுக்கு, பறக்கும் பாதையில் மெல்லிய வலையை விரித்துக் கீழே தட்டு வைக்கும் இரையில்லாப் பொறிதான் பயன்படும்.

ஒரு பொறியில் அள்ள அள்ள வண்டு, அடுத்ததில் ஒன்றுகூட இல்லை. காலிப் பொறியை விட்டுவிடலாமா?

விடக்கூடாது. பொறி கெடாமல், இரை அப்படியே இருந்து, வண்டு மட்டும் இல்லையென்றால் அந்தச் சுழியம் ஓர் உண்மையான தகவல். எழுதுங்கள். இரை திருடு போனது, வழிந்தது, விளிம்பு மேலே வந்தது என்றால் மட்டும் கணக்கிலிருந்து நீக்குங்கள், காரணத்தோடு. இரண்டும் வேறு வேறு. வண்டு குவிந்த பொறியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுகிறவர்கள், ஓர் இடத்தை அது இருப்பதைவிடச் செழிப்பாகக் காட்டிவிடுகிறார்கள். அந்தப் பொய்யான செழிப்பை நம்பி அங்கே மரம் வெட்டவோ மேய்ச்சல் விடவோ யாராவது முடிவெடுக்கலாம்.

இவ்வளவு வண்டுகளைக் கொல்வது சரிதானா?

கேட்க வேண்டிய கேள்வி. சாண வண்டு மண்ணைக் கிளறுகிறது, சத்தை மண்ணுக்குள் கொண்டுபோகிறது, விதைகளைப் புதைக்கிறது, ஈ பெருகுவதைக் குறைக்கிறது. இதையெல்லாம் காப்பாற்றத்தான் கணக்கெடுக்கிறோம் என்றால், கணக்கே சுமையாகிவிடக் கூடாது. கேள்விக்குப் பதில் கிடைக்கும் அளவுக்கு மட்டும் பொறி வையுங்கள். புதிய இனம் வருவது நின்ற பிறகும் பொறிகளைக் கூட்டிக்கொண்டே போவதில் பொருளில்லை. படத்திலேயே தெரியும் இனங்களுக்கு உலர் பொறி போதும். நிலத்தின் உரிமையாளரிடமும், பாதுகாக்கப்பட்ட பகுதியென்றால் பொறுப்பான அதிகாரிகளிடமும், எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே குழி தோண்டுங்கள். பொறியை எடுத்ததும் குழியை மூடிவிடுங்கள். திறந்து கிடக்கும் வெறும் டப்பா, நீங்கள் போன பிறகும் உயிர்களைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

பொறிக்கு 40 வண்டு விழுந்தால், இந்த இடத்தில் இத்தனை வண்டு வாழ்கிறது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. பொறி காட்டுவது அந்த நேரத்தில், அந்த வானிலையில், அந்த இரைக்கு எத்தனை வண்டு வந்தது என்பதை மட்டும்தான். பக்கத்தில் புதுச் சாணம் நிறையக் கிடந்தால் உங்கள் பொட்டலத்துக்கு வரவு குறையும். சாணமே கிடைக்காத இடத்தில் பசித்த வண்டுகளெல்லாம் உங்கள் பொறிக்கு ஓடிவரும். வறண்ட காலத்தில் மண்ணுக்குள் அடங்கியிருந்தவை, முதல் நல்ல மழைக்குப் பின் கூட்டமாக வெளிவரும். நிலத்தில் மொத்தம் எத்தனை என்று தெரிய வேண்டுமானால் பிடித்து, அடையாளமிட்டு, விட்டு, மறுபடி பிடிக்கும் முறைக்குப் போக வேண்டும்.

ஒப்பிடுவதற்குத்தான் குழிப்பொறி நல்ல கருவி. ஒரே டப்பா, ஒரே எடை இரை, ஒரே நேர அளவு, ஒரே இடைவெளி, ஒரே பருவம். இவ்வளவும் ஒன்றாக இருந்தால் காட்டையும் பக்கத்துத் தோட்டத்தையும், இந்த வருடத்தையும் போன வருடத்தையும் தைரியமாக ஒப்பிடலாம். இன்னொருவர் எடுத்த கணக்கோடு உங்களுடையதை வைத்துப் பார்க்கும் முன், அவர் எந்த இரையை எத்தனை கிராம் வைத்தார், எத்தனை மணி நேரம் விட்டார் என்று கேளுங்கள். அவரிடம் அதற்குப் பதில் இல்லையென்றால் இனங்களின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்ணிக்கையை விட்டுவிடுங்கள்.